கவிஞர் என்ன சொல்ல வருகிறார் என்று கேட்பதற்கு முன்னால்

ஒரு பாட்டைக் கொடுத்து “இதில் கவிஞர் கூற வரும் கருத்து யாது?” என்று கேட்டதுமே பாதிப் பேருக்குக் கை தானாக எழுத ஆரம்பித்துவிடும். அன்பின் மேன்மையை உணர்த்துகிறார், இயற்கையின் அழகை எடுத்துக்காட்டுகிறார், ஒழுக்கத்தின் சிறப்பைக் கூறுகிறார். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று எந்தப் பாட்டுக்கும் பொருந்திவிடும், அதனாலேயே இது எந்தப் பாட்டுக்கும் பதில் ஆகாது. நானும் பள்ளியில் இப்படித்தான் எழுதினேன். மதிப்பெண் வந்தது, பாட்டு மட்டும் வரவில்லை.

நோட்ஸ் கையில் இல்லாமல், முன்பு படிக்காத ஒரு பாட்டோ கதையோ கிடைத்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பென்சிலும் ஒரு அகராதியும் போதும். பொருள் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, கெட்டிக்காரர்களுக்கு மட்டும் அது தெரியும் என்ற பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். இருப்பதெல்லாம் தாளில் உள்ள சொற்கள்தான், “இப்படித் தோன்றுகிறது” என்று நீங்கள் சொன்னால் எந்தச் சொல்லால் அப்படித் தோன்றியது என்று விரலை வைத்துக் காட்டத் தெரிய வேண்டும். கீழே வருகிற எல்லாமே அந்த விரல் வைக்கும் பழக்கத்துக்கான பயிற்சி.

சும்மா பேசிக்கொண்டிருக்காமல் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். குறுந்தொகையில் 25ஆவது பாட்டு, கபிலர் பாடியது, ஐந்தே அடி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

முதல் வேலை: வாய்விட்டுப் படித்து, சொல்லைப் பிரிப்பது

கண்ணால் மட்டும் ஓட்டாதீர்கள். இரண்டு தடவை சத்தமாகப் படியுங்கள். பழைய பாட்டுகளைச் சீர் கணக்குக்காக வெட்டி அச்சிட்டிருப்பார்கள், அதனால் ஒரு சொல் பாதியில் அறுந்து நிற்கும், இரண்டு சொல் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரியும். “தானது” என்பது தான் + அது, “யானெவன்” என்பது யான் + எவன். பென்சிலால் நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். அடி முடிகிற இடத்தில் வாக்கியமும் முடிகிறது என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே மூன்றாம் அடியில் வருகிற கால்கள் ஐந்தாம் அடியில் வருகிற குருகினுடையவை. வினைமுற்று எங்கே இருக்கிறது என்று தேடினால் வாக்கியம் எங்கே முடிகிறது என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் அகராதி. ஞான்று என்றால் நாள், பொழுது. ஆரல் ஒரு மீன். குருகு, நீர்நிலையில் நிற்கும் கொக்கு மாதிரியான பறவை. தெரியாத சொற்களால் பெரிய ஆபத்து இல்லை, தெரியாது என்பதாவது நமக்குத் தெரியும். தெரிந்த மாதிரி இருக்கும் சொற்கள்தான் காலை வாரிவிடும். “எவன்” என்பதைப் பார்த்ததும் பாட்டில் பேசுகிற பெண் யாரோ ஒரு ஆளைக் கேட்கிறாள் என்று தோன்றும், ஆனால் இங்கே அதற்கு ‘என்ன’ என்று பொருள். யான் எவன் செய்கோ, நான் என்ன செய்வேன்.

“மணந்த” இன்னும் மோசமான பொறி. நான் மாணவனாக இருந்தபோது இந்தப் பாட்டைத் திருமணத்தைப் பற்றியது என்று நினைத்து ஒரு பக்கம் முழுக்க எழுதி, கணவன் மனைவி உறவின் புனிதம் வரைக்கும் போய்விட்டேன். ஆசிரியர் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தார்: “கல்யாணத்துக்கு யாருமே வரவில்லையா?” முதல் இரண்டு சொல்லே ‘யாரும் இல்லை’ என்கிறதே, அதை நான் பார்க்கவே இல்லை. பழைய வழக்கில் மணத்தல் என்றால் கூடுதல், சேர்தல். இன்றைய பொருளைப் போட்டதும் பாட்டுக்குள்ளேயே ஒரு சொல் இன்னொரு சொல்லோடு முட்டுகிறது என்றால், ஏதோ ஒன்றைத் தப்பாகப் படித்திருக்கிறோம் என்று புரிந்துகொள்ள வேண்டும். நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் நறுமணத்துக்கும் வழங்கியது, அதை இன்றைய பொருளில் படித்தால் பூவைப் பாடிய கவிஞர் பாவம் திட்டினவராகிவிடுவார்.

இரண்டாவது வேலை: வெறும் உரைநடையில் எழுதுவது

பொருள், கருத்து, நயம் எதுவும் வேண்டாம். பாட்டு என்ன சொல்கிறதோ அதை மட்டும் இன்றைய தமிழில் எழுதுங்கள். இப்படி:

அங்கே யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான். அவன் அதைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன்? அவன் என்னோடு கூடிய அன்று, ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி, தினையின் தாள் போன்ற சிறிய பசிய கால்களை உடைய ஒரு குருகும் இருந்தது.

அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் ‘உணர்த்துகிறார்’, ‘வெளிப்படுத்துகிறார்’ என்ற சொல் உங்கள் பேனாவிலிருந்து வந்துவிட்டால் அடித்துவிடுங்கள், அதற்கு இன்னும் நேரம் வரவில்லை. பலர் இந்த வேலையைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று தாண்டிப் போகிறார்கள். நேரடிப் பொருளே கையில் இல்லாதபோது உட்பொருளை எங்கிருந்து எடுப்பது?

மூன்றாவது வேலை: யார், யாரிடம், எப்போது

பாட்டில் ‘நான்’ என்று வருவதெல்லாம் கவிஞர் இல்லை. கபிலர் ஆண், இங்கே பேசுபவள் ஓர் இளம்பெண். அதனால் “கபிலர் தன் கவலையைக் கூறுகிறார்” என்று எழுதினால் முதல் வரியிலேயே சறுக்கிவிட்டீர்கள். சங்க அகப்பாடல்களில் இதற்கென்றே பாட்டோடு ஒரு கூற்றுக்குறிப்பு இருக்கும். இந்தப் பாட்டுக்கு: வரைவு நீட்டித்தவிடத்துத் தலைமகள் தோழிக்குச் சொல்லியது. வரைவு என்றால் திருமணம். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றவன் நாளைக் கடத்துகிறான், அந்த நிலையில் தலைவி தோழியிடம் பேசுகிறாள்.

இந்தக் குறிப்பு பாட்டின் வரிகளுக்குள் இல்லை, வெளியே நிற்கிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பு இல்லாவிட்டாலும் ‘தான் அது பொய்ப்பின்’ என்பதிலிருந்து நாமே கொஞ்சம் ஊகிக்கலாம். ‘அது’ என்றால் எது? பாட்டு சொல்லவே இல்லை. கேட்டுக்கொண்டிருப்பவளுக்கு அது ஏற்கெனவே தெரியும், அதனால் விளக்க வேண்டியதில்லை. நெருக்கமானவர்களிடம் பேசும்போதுதான் நாம் இப்படி ‘அது’ என்று விட்டுவிட்டுப் போவோம். ஒரு சுட்டுச்சொல்லை வைத்தே கேட்பவர் யார் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிட முடிகிறது, பாருங்கள்.

கதைக்கும் இதே கேள்விதான். கதையைச் சொல்வது யார், அவருக்கு எவ்வளவு தெரியும், எதை மறைக்க நினைப்பார்.

நான்காவது வேலை: உறுத்துகிற சொல்லைப் பிடிப்பது

பாட்டை மறுபடி படியுங்கள். எந்தச் சொல் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, எது எதிர்பாராதது, எது திரும்பத் திரும்ப வருகிறது? அதை வட்டமிடுங்கள். வட்டமிட்டதும் ஒரு சோதனை: அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, அதே பொருளுள்ள வேறு சொல்லைப் போட்டுப் பாருங்கள், என்ன தொலைகிறது என்று கவனியுங்கள்.

நான் வட்டமிடுவது மூன்று. முதலில் ‘கள்வன்’. தலைவன் என்றோ அவன் என்றோ சொல்லியிருக்கலாம். அப்படிப் போட்டால் வாக்கியம் நிற்கிறது, ஆனால் குற்றம் காணாமல் போகிறது. கள்வன் என்றதும் ஏதோ ஒன்று எடுத்துச் செல்லப்பட்டிருக்கிறது என்று ஆகிறது. இன்னும் ஒன்று, நடந்ததற்குச் சாட்சி அவன் ஒருவன்தான், அவனே கள்வனும். களவுக்குக் கள்வனையே சாட்சி கூப்பிடும் நிலைமை. அவள் பயம் முழுக்க ‘தானே கள்வன்’ என்ற இரண்டு சொல்லில் இருக்கிறது. அதே நேரம் காதலனைக் கள்வன் என்பதில் ஒரு செல்லமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் முழுசாகத் துடைக்க முடியாது.

இரண்டாவது ‘தான்’. ஐந்து அடிக்குள் மூன்று தடவை வருகிறது: தானே, தான் அது, தான் மணந்த. ‘யான்’ ஒரே தடவை. எண்ணிப் பார்ப்பது ரொம்பச் சாதாரண வேலை, யாரும் செய்வதில்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, ‘குருகும்’ என்பதில் இருக்கிற ‘உம்’. குருகு உண்டு என்று சொல்லாமல் குருகும் உண்டு என்கிறாள். தொடங்கும்போது யாரும் இல்லை என்று அடித்துச் சொன்னவள், அன்றைய இடத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, இல்லை இல்லை, ஒரு குருகும் இருந்தது என்று கடைசியில் சேர்க்கிறாள். அந்த ‘உம்’ இல்லாவிட்டால் அது வெறும் தகவல். சாட்சியைத் தேடி அலைகிற மனம் ஒரு பறவை வரைக்கும் போய்விட்டது என்பது அந்த இரண்டெழுத்தால்தான் நமக்குத் தெரிகிறது. தமிழில் ஏ, ஓ, உம் மாதிரி இடைச்சொற்களை இலக்கணப் பாடத்தோடு விட்டுவிட்டு வருகிறோம், இலக்கியத்தில் பாதிப் பொருள் அவற்றில்தான் இருக்கிறது.

ஐந்தாவது வேலை: உவமையை உவமை என்று சொல்வதோடு நிறுத்தாமல் இருப்பது

“தினைத்தாள் அன்ன கால் என்பது உவமை அணி” என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது வழக்கம். பெயர் வைத்தாயிற்று, இனி என்ன என்கிற மாதிரி. தொல்காப்பியர் உவமை எதனால் பிறக்கிறது என்று நான்கு சொல்கிறார்: வினை, பயன், மெய், உரு. செயல், விளைவு, வடிவம், நிறம். இந்த நான்கையும் வரிசையாகக் கேட்டாலே உவமை திறந்துகொள்ளும். இங்கே கால் மெலிந்து நீண்டிருக்கிறது, அது வடிவம். பசுமையாக இருக்கிறது, அது நிறம். சரி, இனி அடுத்த கேள்வி: இவ்வளவு சின்ன விவரம் ஏன்?

ஒரு பறவையின் கால் எந்த நிறத்தில் இருந்தது, எவ்வளவு மெலிதாக இருந்தது என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டுமானால் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க வேண்டும்! அவளுக்கு அந்த நாள் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தக் குருகு என்ன பார்த்துக்கொண்டிருந்தது? ‘ஆரல் பார்க்கும்’ குருகு. அதன் கண் மீன் மேல். இருந்த ஒரே சாட்சியும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்திருந்தாலும் வந்து சொல்லப் போவதில்லை. ‘யாரும் இல்லை’ என்று தொடங்கியவள் ஒரு சாட்சியைக் கண்டுபிடித்து, அதே வாக்கியத்தில் அதை இழந்தும் விடுகிறாள்.

அசையாமல் காத்திருந்து மீனைக் கவ்வும் குருகைக் கள்வனோடு சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். பார்க்கலாம். இயற்கைக் காட்சிக்குள் இன்னொரு பொருளை வைப்பது சங்கப் பாட்டில் வழக்கம், உள்ளுறை, இறைச்சி என்று அதற்குப் பெயர்களும் உண்டு. ஆனால் குருகு மீனைப் பிடித்தது என்று பாட்டு சொல்லவில்லை, பார்த்தது என்று மட்டுமே சொல்கிறது. அதனால் இதை எழுதும்போது “என்று கொள்ளலாம்” என்று ஒரு ‘லாம்’ போட்டு எழுதுங்கள். ‘யாரும் இல்லை என்று தொடங்குகிறாள்’ என்பதற்கு ‘லாம்’ தேவையில்லை, அது கண்முன் இருக்கிறது. ஆதாரம் எவ்வளவோ அவ்வளவுதான் உறுதி.

அதே சொல், வேறு வாய்

கள்வன் என்ற சொல்லை இன்னொரு இடத்தில் பார்த்துவிட்டு வருவோம். சிலப்பதிகாரம், வழக்குரை காதை. கண்ணகி நியாயம் கேட்டு நிற்கிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று பாண்டியன் சொல்கிறான், “கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று”. அங்கே கள்வன் என்பது கோவலன். கொஞ்சம் கழித்துச் சிலம்பு உடைகிறது, உள்ளேயிருந்து மணி தெறிக்கிறது, தன் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனுக்குத் தெரியும். அப்போது அவன் சொல்வது: “யானோ அரசன் யானே கள்வன்”.

அகராதியில் மூன்று இடத்துக்கும் ஒரே பொருள்தான், திருடன். குருகுப் பாட்டில் காதலி சொல்லும்போது பயமும் செல்லமும். அரசன் முதலில் சொல்லும்போது அது தீர்ப்பு. அதே அரசன் தன்னைச் சொல்லும்போது, இன்னொருவன் மேல் எறிந்த சொல்லைத் தானே வாங்கிக்கொள்கிறான். சொல்லின் பொருளை அகராதி தரும், அந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்பதைப் பேசுபவர், கேட்பவர், முன்னால் வந்த வரி இவைதான் தரும்.

அந்த வரியில் ஓகாரத்தையும் ஏகாரத்தையும் தனியாகப் பாருங்கள். யானோ என்பதில் கேள்வி மறுப்பாக மாறுகிறது, நானா அரசன், இல்லை. யானே என்பதில் உறுதி, நான்தான் கள்வன். இரண்டு இடத்திலும் ஒரே எழுத்தைப் போட்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள், வரி செத்துப்போகும்.

குரலின் தொனி

சொல் ஒன்று, குரல் வேறு என்று இருக்கும் இடங்கள்தான் பலருக்குச் சிக்கல். ஒரு குறள்:

தேவர் அனையர் கயவர் அவருந்தாம்
மேவன செய்தொழுக லான்

உரைநடையில்: கயவர் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் அவர்களும் தாங்கள் விரும்பியதையே செய்து நடக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு வள்ளுவர் கயவரைப் புகழ்கிறார் என்று எழுதினால் என்ன ஆகும்? ஆனால் சொல்லளவில் புகழ்ச்சிதானே. தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, இது எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. 108ஆவது அதிகாரம், பெயர் கயமை. இரண்டு, காரணம் சொல்லும் சொல்லை உரசிப் பார்ப்பது. தேவர் தம் விருப்பப்படி நடப்பது அவர்களைக் கேட்பார் இல்லாததால், கயவர் நடப்பது யார் கேட்டாலும் காதில் வாங்காததால். ஒப்புமை ஒரு நூல் அளவுக்குத்தான் பொருந்துகிறது, மீதி எல்லாம் பொருந்தவில்லை, அந்த இடைவெளியில்தான் கிண்டல் இருக்கிறது. வஞ்சப்புகழ்ச்சி அணி என்று பெயரைக் கடைசியில் எழுதிக்கொள்ளலாம், பெயர் ஓடிப்போகாது.

உரைநடையிலும் இப்படித்தான். ஒரு சின்னப் பத்தி, நானே எழுதியது:

“பரவாயில்லை, நிறைய நேரம் இருக்கிறது” என்றார் அப்பா. கடிகாரத்தைப் பார்த்தார். செருப்பை மாட்டினார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பா பதற்றமாக இருக்கிறார் என்று எங்கும் இல்லை, ஆனாலும் நமக்குத் தெரிகிறது. எதனால்? ‘மறுபடியும்’ என்ற ஒரு சொல்லால். அவர் வாய் ஒன்று சொல்கிறது, கண் இன்னொன்று செய்கிறது. கதையில் பாத்திரம் சொல்வதையும் செய்வதையும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிப் பாருங்கள், இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

திரும்ப வருவதும், திரும்பும்போது மாறுவதும்

புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

போன மாதம் அந்த வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தையும் இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்த மாதம் இந்த வெண்ணிலவில், வென்று முரசு அறையும் வேந்தர் எங்கள் குன்றையும் கொண்டார்கள், தந்தையும் எங்களுக்கு இல்லை. ஒரு உவமை கூட இல்லாத பாட்டு. ‘நயம் பாராட்டுக’ என்று இதைக் கொடுத்தால் அணியைத் தேடித் தேடிக் களைத்துப் போவோம். அணியை விடுங்கள், எது திரும்ப வருகிறது என்று பாருங்கள். அற்றை, இற்றை. அவ், இவ். நிலவு மாறவில்லை, ஓரெழுத்துதான் மாறியிருக்கிறது, அந்த ஓரெழுத்துக்கு நடுவில் எல்லாம் போய்விட்டது. அப்புறம் வரிசை: முதலில் சொல்லும்போது தந்தை, பிறகு குன்று. இரண்டாம் தடவை குன்று முதலில், தந்தை கடைசியில். பாட்டு நிற்கிற இடம் ‘எந்தையும் இலமே’. வரிசையைத் திருப்பிப் போட்டு, குன்று போனதைக் கடைசியாக வைத்துப் படித்தால் நாட்டை இழந்தவர்களின் பாட்டு ஆகிவிடும். இருக்கிறபடி படித்தால் அப்பாவை இழந்த பெண்களின் பாட்டு.

இங்கேதான் வெளித்தகவல் எவ்வளவு வேண்டும் என்ற கேள்வி வருகிறது. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டார்கள், போரில் வெல்ல முடியவில்லை, பாரி வஞ்சனையால் கொல்லப்பட்டான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வாளால் இந்த மலையைக் கொள்ள முடியாது, ஆடிப் பாடி வந்து கேட்டால் அவனே கொடுத்துவிடுவான் என்று கபிலர் வேந்தர்களைப் பார்த்துச் சொல்லும் பாட்டும் அதே நூலில் 109ஆவதாக இருக்கிறது. இது தெரிந்தபின் ‘வென்று எறி முரசின் வேந்தர்’ என்பதை மறுபடி படியுங்கள். தெரியாதபோது அது வெறும் அடைமொழி, தெரிந்தபின் வெற்றி முரசாம், பெரிய வெற்றிதான் என்று பல்லைக் கடித்துச் சொன்ன மாதிரி கேட்கும். பாட்டில் உள்ள ஏதாவது ஒரு சொல்லை மாற்றிக் காட்டும் தகவல் என்றால் அதை எழுதுங்கள். பாரியின் கொடை, முல்லைக்குத் தேர் என்று அரைப் பக்கம் எழுதுவதால் இந்தப் பாட்டில் எந்தச் சொல்லும் கூடுதலாகத் தெரியப்போவதில்லை.

இரண்டு பேர் இரண்டு பொருள் சொன்னால்?

“இலக்கியத்தில் யார் என்ன சொன்னாலும் சரிதானே” என்று ஒரு கட்சி, “உரையில் இருப்பது மட்டும்தான் சரி” என்று இன்னொரு கட்சி. திருக்குறளுக்கே பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்று கணக்குச் சொல்வார்கள், பரிமேலழகரும் மணக்குடவரும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. ஒரே பொருள்தான் என்றால் ஒன்பது பேர் வீணாக உழைத்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வேறுபட்டார்கள். 37ஆவது குறளைப் பாருங்கள்.

அறத்தாறு இதுவென வேண்டா சிவிகை
பொறுத்தானோடு ஊர்ந்தான் இடை

அறத்தின் பயன் இது என்று நூலைக் காட்டிச் சொல்லத் தேவையில்லை, பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் போகிறவனையும் நேரில் பார்த்தாலே தெரியும் என்பது பரிமேலழகர் சொல்லும் பொருள். சுமப்பவனையும் போகிறவனையும் காட்டி அறத்தின் வழி இதுதான் என்று சொல்ல வேண்டாம் என்று படிப்பவர்களும் உண்டு. கிட்டத்தட்ட நேர் எதிர். எப்படி இரண்டுமே நிற்கின்றன? ‘இதுவென’ என்பதற்குப் பிறகு ஒரு வினை விடுபட்டிருக்கிறது. ‘வேண்டா’ என்பதைத் தேவையில்லை என்றும் எடுக்கலாம், கூடாது என்றும் எடுக்கலாம். ஆறு என்பதைப் பயன் என்றும் எடுக்கலாம், வழி என்றும் எடுக்கலாம். இது வருகிற அதிகாரம் அறன் வலியுறுத்தல், அறத்தால் வரும் நன்மையைச் சொல்லிச் சொல்லி வற்புறுத்தும் அதிகாரம், அது முதல் பொருளின் பக்கம் சாய்கிறது. ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’ என்று வேறிடத்தில் சொன்னவர் இதைச் சொல்லியிருப்பாரா என்று கேட்டால் தராசு இரண்டாவது பக்கம் போகிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், ஆனால் தேர்வில் எழுதினால் முதலாவதையும் சொல்லிவிட்டு, எந்தச் சொல்லை எப்படி எடுத்ததால் நான் மாறுபடுகிறேன் என்று எழுதுவேன்.

மூன்றாவதாக ஒருவர் வந்து, சிவிகை என்பது மனித உடல், ஊர்ந்தான் என்பது உயிர் என்றார் என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்தச் சொல் அப்படிச் சொன்னது என்று கேளுங்கள், விரல் வைக்க இடம் இல்லை. அவ்வளவுதான், அதை விட்டுவிடலாம்.

கடைசியாக, எழுதுவது

குருகுப் பாட்டுக்கே வருவோம். வழக்கமான பதில்: “இப்பாடலில் கபிலர் தலைவியின் துயரத்தை உவமை நயத்துடன் மிக அழகாக எடுத்துரைத்துள்ளார்.” தப்பு எதுவும் இல்லை, ஆனால் பாட்டைப் படிக்காமலே இதை எழுதிவிடலாம்.

இன்னொரு பதில்: “தலைவி ‘யாரும் இல்லை’ என்று தொடங்கி ‘குருகும் உண்டு’ என்று முடிக்கிறாள். ‘உம்’ என்பது, அவள் சாட்சி தேடி நினைவைத் துழாவுவதைக் காட்டுகிறது. ஆனால் குருகு ‘ஆரல் பார்க்கும்’ குருகு, அதன் கவனம் மீனில் இருந்தது. தலைவனே கள்வனாகவும் ஒரே சாட்சியாகவும் இருப்பதால், அவன் மறுத்தால் அவளுக்கு வேறு துணை இல்லை.” நான்கே வாக்கியம். ஒவ்வொன்றிலும் பாட்டின் சொல் ஒன்றாவது இருக்கிறது, சொல்லுக்குப் பக்கத்திலேயே அது என்ன செய்கிறது என்பதும் இருக்கிறது. ‘அழகாக’ என்று எங்கும் இல்லை.

மேற்கோளை முழுசாக நான்கு அடி எழுதி இடத்தை நிரப்ப வேண்டாம், வேண்டிய இரண்டு மூன்று சொற்களை மட்டும் எடுத்து உங்கள் வாக்கியத்துக்குள்ளேயே கோர்த்துவிடுங்கள். நேரம் குறைவு என்றால் எல்லாச் சொல்லையும் தொட முயலாமல் ஒரே ஒரு சொல்லைப் பிடித்து நன்றாக எழுதுவது மேல்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். பதிலிலிருந்து பாட்டின் பெயரையும் கவிஞரின் பெயரையும் மறைத்துவிட்டு, அதே வகுப்பில் படிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். இது எந்தப் பாட்டைப் பற்றியது என்று அவர் சட்டென்று சொல்லிவிட்டால் சரி. “எதைப் பற்றி வேண்டுமானாலும் இருக்கலாமே” என்று முழித்தார் என்றால், பென்சிலை எடுத்துக்கொண்டு மறுபடி முதல் அடிக்குப் போக வேண்டியதுதான்.